பதினாறு பட்டையின் கணக்கு

பல்லவ மன்னன் இராஜசிம்மன் எழுப்பிய காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் கருவறையிலுள்ள 16 பட்டைத் தாராலிங்கம் (செங்குத்தான பட்டைகள் கொண்ட சிவலிங்கம்), அடியும் மேலும் ஒரே பலகோணமாகவும் பக்கங்கள் செவ்வகங்களாகவும் அமையும் பட்டகம் என்னும் கன வடிவத்தை விளக்கக் கிடைத்த நல்ல சான்றாகும். பட்டைகள் தட்டையானவை, ஒவ்வொன்றும் 10 செ.மீ. அகலமும் 100 செ.மீ. உயரமும் உடையவை எனக் கொண்டால், சுற்றளவான 160ஐ உயரத்தால் பெருக்கிக் கிடைக்கும் 16,000 சதுர செ.மீ., சிற்பி பொறுமையுடன் மெருகேற்ற வேண்டிய பக்கப்பரப்பாகும். இரு முனைப் பரப்புகளையும் சேர்த்தால் மொத்தப் பரப்பு கிடைக்கும். மையத்திலிருந்து பட்டையின் நடுவுக்குள்ள தூரம் ஏறத்தாழ 25.14 செ.மீ. ஆதலால், அதைச் சுற்றளவின் பாதியால் பெருக்க அடிப்பரப்பு சுமார் 2,011 சதுர செ.மீ. எனவும், அதை உயரத்தால் பெருக்கக் கனஅளவு சுமார் 2,01,100 கன செ.மீ. எனவும் பெறப்படும். லிங்கத்தின் வளைந்த உச்சிக்கு மட்டும் தனிக் கணக்கு வேண்டும்.