சிறுகதைப் போட்டிக்குக் கதை அனுப்பும் முறை

சிறுகதைப் போட்டி பற்றிய அறிவிப்பு வெளிவந்ததும் அன்பர்கள் முதலில் பார்ப்பது பரிசுத் தொகை. அடுத்தபடி பார்ப்பது இறுதி நாள். இவ்விரண்டிற்கும் கீழே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் விதிகளை வரி விடாமல் படிப்பவர் சிலரே. ஆனால் பல கதைகளின் தலைவிதி அந்தப் பொடி எழுத்திலேதான் அடங்கியிருக்கிறது. விதிகளை மீறிய கதையை ஒதுக்கி வைப்பவர் நடுவர் அல்லர். நடுவரிடம் போய்ச் சேருமுன்பே போட்டி அலுவலகத்தில் அது ஒதுக்கப்பட்டுவிடுகிறது. எழுதியவருக்கு இந்தச் செய்தி பெரும்பாலும் எட்டுவதில்லை. பரிசுப் பட்டியலில் தம் பெயரைக் காணாத அவர், தமக்கு எழுத வரவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு பேனாவை மூடிவிடுகிறார். உண்மையில் அவருடைய கதையை ஒருவரும் படிக்கவேயில்லை!

நம் நாடுகளில் இந்த இழப்பு சிறியதன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்ச் சிறுகதைக்கு இடந்தரும் ஏடுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுபோன பின் இடம் இன்னும் சுருங்கிவிட்டது. 1950, 51-ஆம் ஆண்டுகளில் அந்நாளிதழ் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகியோரைக் கொண்டு ‘கதை வகுப்பு’ நடத்திப் புதியவர்களுக்குச் சிறுகதை எழுதப் பயிற்சியளித்தது. இன்று அந்தப் பணியில் ஒரு பகுதியைப் போட்டிகளே செய்துவருகின்றன. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்திய போட்டிகளில் தேறிய கதைகள் ‘பேரவைக் கதைகள்’ என்ற தொகுப்புகளாக வெளிவந்துள்ளன. சிங்கப்பூரில் தேசியக் கலைகள் மன்றம் 1993-இல் தொடங்கிய தங்கமுனை விருது, நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் கதைக்கும் கவிதைக்கும் உரியது. புதிய எழுத்தாளர் ஒருவர் நூலில் இடம்பெற இத்தகைய வாயில்களே பெரிதும் உள்ளன. ஆகவே, கதையை ஒழுங்காக எழுதி அனுப்பும் முறையை அறிந்துகொள்வது இன்றியமையாததாகிறது.

விதிகளில் சில, அச்சுக்கூடத்திலிருந்து பிறந்தவை. ‘தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுக’ என்பதை எடுத்துக்கொள்வோம். ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கி அச்சுக் கோத்த காலத்தில், ஒரு கதையின் தாள்களைப் பிரித்து நாலைந்து கோப்பாளர்களிடம் கொடுப்பார்கள். வேலை விரைவாக முடியவேண்டுமென்றால், ஒரு தாளையே இரண்டாக வெட்டிக் கொடுப்பதும் உண்டு. இரு பக்கமும் எழுதியிருந்தால் எப்படி வெட்டுவது? இன்று ஈய எழுத்துகளைக் காண்பது அரிது. ஆயினும் விதி முழுவதும் பயனற்றுப் போய்விடவில்லை. கையால் எழுதிய கதையை நடுவர்களுக்காக நகலெடுக்கும்போது, பின்பக்கத்து மை முன்பக்கம் ஊறித் தெரிந்தால் எழுத்தோடு எழுத்து கலந்துவிடுகிறது.

தாளின் அளவுக்கும் இத்தகைய காரணமுண்டு. இப்போது எங்கும் வழங்குவது ஏ4 தாள். 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் உடையது. பழைய ஃபுல்ஸ்கேப் தாள் இதைவிட நீளம். ஃபுல்ஸ்கேப்பில் அடிவரை எழுதிய கதையை ஏ4-இல் நகலெடுத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி இரண்டொரு வரிகள் காணாமற்போகும். நடுவர் அந்த வரிகளைத் தேடித் தவிப்பாரேயன்றி, ஆசிரியரைத் தேடி வந்து கேட்க மாட்டார். எனவே ஏ4 தாளையே பயன்படுத்துக. நான்கு பக்கமும் ஓரங்குலம் இடம் விடுக. பக்க எண்ணை மறவாது இடுக.

வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடவேண்டும் என்பது தமிழுக்கு மிகவும் பொருந்தும். நம் எழுத்துகளில் ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் கொக்கி மேலே வளைகிறது. ‘கு’, ‘மூ’ போன்றவற்றின் வால் கீழே இறங்குகிறது. வரிகள் நெருங்கினால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் கொக்கியும் மோதிக்கொள்ளும். ஒன்றரை மடங்கு இடைவெளி இருந்தால் கண் களைக்காது. நாற்பது ஐம்பது கதைகளை அடுத்தடுத்துப் படிக்கும் ஒருவருடைய கண்ணுக்கு நாம் செய்யும் மிகச் சிறிய உபகாரம் இது.

தட்டச்சுக்கும் நம் மண்ணுக்கும் நெருங்கிய உறவுண்டு. தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் பணிபுரிந்தவர். கணினியில் தமிழை எழுத வழிசெய்த ‘முரசு’ மென்பொருளை 1985-இல் உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். இவ்வளவு பெருமை இருந்தும், போட்டிக்கு வரும் கணினிக் கோப்புகளில் சில, திறந்தவுடன் பொருளற்ற அயல் எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கின்றன. காரணம் எளிது. ஒருங்குறி பரவுவதற்குமுன் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கதை தமிழாகத் தெரியாது. ஒருங்குறியில் எழுதினால் இத்தொல்லை இல்லை. பழைய கோப்பை ஒருங்குறிக்கு மாற்றுவோர், மாற்றியபின் ஒருமுறை முழுவதும் படித்துப் பார்த்தல் வேண்டும். மேற்கோட் குறிகளும் சில எழுத்துகளும் மாற்றத்தில் சிதைவதுண்டு.

ஒருங்குறியிலும் வழுக்கும் இடங்கள் உள. துணைக்கால் இடவேண்டிய இடத்தில் ‘ர’ என்ற எழுத்தைத் தட்டுவது ஒன்று. ‘ஔவை’யின் முதலெழுத்தை ‘ஒ’ என்றும் ‘ள’ என்றும் இரண்டாகத் தட்டுவது மற்றொன்று. தாளில் பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஆனால் கதை தேறி, நூலாக அச்சேறும்போது எழுத்துருவை மாற்றினால் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியே பிரிந்து நின்று சிரிக்கும்.

இனி, சொற்கணக்கு. இதுபற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் தமிழில் எழுதுவோர்க்கு மட்டும் உரிய சிக்கல் இதில் இருக்கிறது. ‘இரண்டாயிரம் சொற்களுக்கு மிகாமல்’ என்று விதி கூறுகிறது. சொல் என்பது எது? கணினிக்கு இலக்கணம் தெரியாது. இரண்டு வெற்றிடங்களுக்கு நடுவே நிற்பதெல்லாம் அதற்கு ஒரு சொல். ‘அவன் வந்துகொண்டிருந்தான்’ என்று எழுதினால் இரண்டு சொல் என்று எண்ணும். ‘அவன் வந்து கொண்டு இருந்தான்’ என்று பிரித்து எழுதினால் நான்கு என்று எண்ணும். வாக்கியமும் பொருளும் ஒன்றே. கணக்கு மட்டும் இருமடங்கு! துணைவினைகளையெல்லாம் பிரித்தெழுதும் பழக்கமுள்ளவர், தாம் எல்லைக்குள் இருப்பதாக எண்ணிக்கொண்டே எல்லையைத் தாண்டிவிடலாம்.

கணக்குக்காக மட்டுமன்றிப் பொருளுக்காகவும் இதில் கவனம் வேண்டும். ‘அவள் போய்விட்டாள்’ என்றால் சென்றுவிட்டாள் என்பது பொருள். ‘பிள்ளையைப் பள்ளியில் போய் விட்டாள்’ என்னுமிடத்தில், தானே சென்று பிள்ளையை அங்கே சேர்த்தாள் என்பது பொருள். முன்னதில் ‘விடு’ துணைவினை. பின்னதில் அது தனிவினை. துணைவினையைச் சேர்த்தும் தனிவினையைப் பிரித்தும் எழுதுவதே தெளிவான முறை. இதை ஒரே சீராகக் கதை முழுவதும் கையாண்டால் கணக்கும் நேர்மையாக இருக்கும். சிலர் இதை வேறு வகையில் பயன்படுத்துகிறார்கள். ‘மழைநின்றபிறகு’, ‘அந்தப்பெரியவீட்டின்’ என்று தொடர்வண்டி போலக் கோத்து இரண்டாயிரத்து ஐந்நூறு சொல்லை இரண்டாயிரத்துக்குள் அடைத்துவிடப் பார்க்கிறார்கள். நடுவர் முதற்பக்கத்திலேயே இதைக் கண்டுகொள்வார். கதையை வெட்டிச் சுருக்குவதே நேரிய வழி. அதற்குப் பெரும்பாலும் இடமும் இருக்கும்: கதை தொடங்குமுன் வரும் விடியற்கால வருணனையிலேயே நூறு சொற்கள் மிச்சமாகும்!

ஒற்றுப்பிழை பற்றி ஒரு வார்த்தை. ‘வேலை கொடு’ என்றால் பணி தா என்பது பொருள்; ‘வேலைக் கொடு’ என்றால் கையிலுள்ள வேலாயுதத்தைத் தா என்பது பொருள். தோட்ட மேலாளரிடம் போய் நிற்கும் தொழிலாளி எதைக் கேட்கிறான் என்பது ஒரு ‘க்’கிலே இருக்கிறது. இத்தகைய பிழை ஒன்றிரண்டு இருந்தால் எந்த நடுவரும் கதையை விலக்கமாட்டார். வரிக்கு வரி இருந்தால், கதையில் மனம் செல்லாது.

ஆனால் பேச்சுத் தமிழைப் பிழையென்று கருதி அஞ்சவேண்டுவதில்லை. லயத்து வீட்டில் பேசும் பாட்டி பாட்டியாகவே பேசட்டும். உரையாடலில் வரும் மலாய்ச் சொல்லையும் ‘பாசார்’, ‘கம்போங்’ என்று தமிழ் எழுத்திலேயே எழுதலாம். ஆனால் ஒரு பக்கத்தில் ‘கம்போங்’, மறு பக்கத்தில் ‘கம்பம்’ என்று மாறி மாறி எழுதுதல் கூடாது. ஒருவர் பேச்சு முடிந்து மற்றொருவர் பேசும்போது புதிய வரியில் தொடங்குக. மேற்கோட் குறி இரட்டையாயினும் ஒற்றையாயினும் ஒன்றையே இறுதிவரை கையாளுக. ஓலைச் சுவடியில் காற்புள்ளியும் மேற்கோட் குறியும் இல்லை என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. சுவடியில் மெய்யெழுத்தின் புள்ளிகூடத்தான் இல்லை! அதைப் படிக்கப் பயின்றவர்கள் இருந்தார்கள். இன்றைய வாசகருக்கு யார் பேசுகிறார் என்பதைக் குறிகளே காட்டவேண்டும்.

ஆசிரியர் யாரென்று அறியாமல் படிப்பதே நல்ல போட்டியின் அடிப்படை. அதனால்தான் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் எழுதச் சொல்கிறார்கள். அலுவலகத்தார் கதைக்கும் தனித்தாளுக்கும் ஒரே எண் இட்டு, கதையை மட்டும் நடுவருக்கு அனுப்புகிறார்கள். நம் தமிழ் எழுத்துலகம் சிறியது. ஒருவரை ஒருவர் அறிவர். ஆகையால் இந்த மறைப்பு மற்ற இடங்களைவிட இங்கே மிகவும் வேண்டப்படுவது. கதையின் தலைப்பின்கீழ்ப் பழக்கதோஷத்தால் பெயரைப் போட்டுவிடுவது பொதுவான தவறு. புனைபெயராயிற்றே என்று எண்ணுவதும் தவறுதான். பத்து ஆண்டுகளாக வழங்கும் புனைபெயர் இயற்பெயரைவிட நன்றாக ஆளைக் காட்டிக்கொடுக்கும். கணினியில் எழுதுவோர் இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்கவேண்டும். கோப்புக்கு இடும் பெயரில் தம் பெயரைச் சேர்ப்பது ஒன்று. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது: கோப்பின் உள்விவரங்களில் எழுதியவர் பெயரைக் கணினி தானாகவே பதிந்து வைத்திருக்கும். அனுப்புமுன் அதை நீக்கிவிடுதல் நலம்.

‘வேறெங்கும் வெளிவராத சொந்தப் படைப்பாக இருத்தல் வேண்டும்’ என்ற விதிக்கு இந்நாளில் பொருள் விரிந்துவிட்டது. முன்பு பத்திரிகையில் வந்ததா என்று கேட்டால் போதும். இன்று தம்முடைய முகநூல் பக்கத்தில் நண்பர்கள் படிக்கட்டும் என்று ஏற்றிய கதையையும் வெளிவந்ததாகவே பல போட்டிகள் கருதுகின்றன. ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு போட்டிகளுக்கு அனுப்புவதும் தொல்லைக்கு இடமாகும். இரண்டிலும் தேறிவிட்டால் இரண்டிலும் பரிசை இழக்க நேரலாம். எழுதித் தரும் கணினிச் செயலிகள் வந்துவிட்ட இக்காலத்தில், அவற்றின் துணை கூடுமா கூடாதா என்று விதியில் தேடிப் பார்ப்பதும் அவசியம். விதி வாய் திறக்கவில்லையானால் நடத்துவோரிடமே எழுதிக் கேட்கலாம்.

எல்லாவற்றையும்விடக் கூர்ந்து படிக்கவேண்டியது உரிமை பற்றிய விதி. ‘தேர்வுபெறும் கதைகளைத் தொகுப்பாக வெளியிடும் உரிமை எங்களுக்கு உண்டு’ என்பது ஒருவகை. இதில் கதை உங்களுடையதாகவே இருக்கிறது. ஒரு முறை அச்சிட அனுமதி தருகிறீர்கள், அவ்வளவே. ‘அனுப்பப்படும் கதைகளின் முழு உரிமையும் எங்களுக்கே’ என்பது வேறு வகை. இதை ஒப்புக்கொண்டால், பரிசு பெறாத கதையைக்கூடப் பின்னாளில் உங்கள் சொந்தத் தொகுப்பில் சேர்க்க அவர்களிடம் அனுமதி கேட்க நேரிடும். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியரின் உரிமை அவர் வாழ்நாள் முழுவதும், மறைவுக்குப்பின் 50 ஆண்டும் நிலைக்கிறது. சிங்கப்பூரின் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி மறைவுக்குப்பின் 70 ஆண்டு. இவ்வளவு நீண்ட உடைமையை மற்றொருவருக்கு முழுமையாக மாற்றிக் கொடுக்க எழுத்து மூலமான ஆவணம் வேண்டும் என்பதே இரு நாட்டுச் சட்டமும். போட்டிப் படிவத்தின் அடியில் நாம் இடும் கையொப்பமே அந்த ஆவணமாக அமைந்துவிடக்கூடும் என்பதைக் கவனிக்கவேண்டும். சில நூறு வெள்ளி பரிசை எதிர்பார்த்து இவ்வாறு எழுதிக்கொடுப்பது உசிதமன்று என்பது என் கருத்து. அத்தகைய போட்டிக்கு அனுப்பியே ஆகவேண்டுமென்றால், நம் கதைகளில் மிகவும் நேசிக்கும் ஒன்றை அனுப்பாதிருப்பது நல்லது.

கதையை அனுப்புமுன் ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளவேண்டும். அனுப்பிய படியைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை. தபாலில் அனுப்பினால், இறுதி நாள் என்பது தபால் முத்திரையின் தேதியா, அலுவலகத்தில் வந்து சேரவேண்டிய தேதியா என்று பார்த்துக்கொள்க. மின்னஞ்சலில் அனுப்பினால், பெற்றுக்கொண்டதாக மறுமொழி வரும்வரை அனுப்பியதாகக் கருதவேண்டாம். ஒரு வாரத்தில் மறுமொழி இல்லையேல் மரியாதையாக ஒரு வரி எழுதிக் கேட்கலாம். இறுதி நாளன்று இரவில் அனுப்புகிறவருக்கு மட்டும் இந்த வசதி இல்லை.