சிசிடிவி ஓடுது, பதிவு இருக்கா? டிவிஆர் செட்டிங்கில் நீங்கள் பார்க்க வேண்டியவை

கொல்கத்தா துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில், ஃபேன்சி மார்க்கெட் பக்கம் ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு அனலாக் கேமரா, ஒரு டிவிஆர், உள்ளே 1 டிபி ஹார்ட் டிஸ்க். சரக்கை எண்ணும்போது ஒரு பெட்டி குறைகிறது. அது காணாமல் போய் இரண்டு வாரம் ஆகிவிட்டது. டிவிஆரில் அந்தத் தேதியைத் தேடினால் ஒன்றுமே இல்லை. ஆனால் திரையில் நான்கு படமும் பளிச்சென்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. கேமரா மாட்ட வந்தவர் விட்டுவிட்டுப் போன செட்டிங்தான் அழித்தது. உங்கள் வீடு, கடை, அபார்ட்மென்ட் எந்த ஊரில் இருந்தாலும் இதுவே நடக்கலாம்.

அனலாக் கேமராவில் வீடியோவைச் சுருக்குவது எது?

ஐபி கேமரா படத்தைத் தானே சுருக்கி அனுப்பும். அனலாக் கேமரா கோஆக்சியல் கேபிளில் சிக்னலை மட்டும் அனுப்பும். அதை டிஜிட்டலாக்குவது, சுருக்குவது, டிஸ்க்கில் எழுதுவது எல்லாமே டிவிஆரின் வேலை. அதனால் மாற்ற வேண்டியதும் டிவிஆர் மெனுவில்தான்.

எத்தனை நாள் பதிவு நிற்கும்?

இதைத் தீர்மானிப்பது பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு எவ்வளவு டேட்டா செலவாகிறது என்ற எண். ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் பதிவு செய்தால், ஒரு நாளைக்கு 21.6 ஜிபி ஆகும். நான்கு கேமராவுக்கு 86.4 ஜிபி. அப்படியென்றால் 1 டிபி டிஸ்க் 11 நாளில் நிரம்பிவிடும். அதன்பிறகு பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும். நம்ம கிடர்பூர் கடையில் நடந்தது இதுதான்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எச்.264-இலிருந்து எச்.265-க்கு மாறினால் ஏறக்குறைய பாதி பிட்ரேட்டிலேயே அதே தரம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் பிட்ரேட்டை நிலையாக (சிபிஆர்) 2 எம்பிபிஎஸ்-இல் விட்டுவிட்டு கோடெக்கை மட்டும் மாற்றினால், ஒரு நாள்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. ஃப்ரேம் எண்ணிக்கையை 25-இலிருந்து 15 ஆகக் குறைத்தாலும் அப்படித்தான். பிட்ரேட்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். 1 எம்பிபிஎஸ் வைத்தால் அதே டிஸ்க்கில் 23 நாள் வரும்.

குறைத்த பிறகு இரவுப் பதிவை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். இருட்டில் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். அதற்கே நிறைய டேட்டா போய்விடும். முகம் தெளிவாகத் தெரியவில்லை என்றால் பிட்ரேட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். மொபைல் ஆப்பில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அது பெரும்பாலும் தரம் குறைந்த சப் ஸ்ட்ரீமைத்தான் காட்டும்.

டிஸ்க் பெரிதாக இருந்தால் போதாதா?

போதாது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே மறக்க முடியாத ஓர் உதாரணம் இருக்கிறது. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட வியாபாரி ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சில நாட்களில் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்பேரில் விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட், அந்த நிலையத்தின் சிசிடிவியையும் பார்த்தார். ஹார்ட் டிஸ்க்கில் 1 டிபி இடம் இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது என்று அறிக்கை கொடுத்தார். சம்பவ நாளின் பதிவு இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க எல்லா காவல் நிலையங்களிலும் கேமரா வைக்கச் சொன்னது. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அதற்கான கருவி சந்தையில் இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது என்றது. நம் கணக்கைப் போட்டால், 2 எம்பிபிஎஸ்-இல் 18 மாதத்துக்கு ஒரு கேமராவுக்கே சுமார் 12 டிபி வேண்டும். ‘கேமரா வைத்தாச்சு’ என்பது பாதி வேலைதான்.

உங்கள் டிவிஆரில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

காலாவதி: பல டிவிஆர்களில் இத்தனை நாளுக்குப் பிறகு பதிவை அழி என்று ஒரு எண் கொடுக்கலாம். 1 என்று இருந்தால் உடனே மாற்றுங்கள்.

ஓவர்ரைட்: இதை நிறுத்தினால், டிஸ்க் நிரம்பியதும் பதிவே நின்றுவிடும். வீட்டுக்கும் கடைக்கும் இது ஆனில் இருப்பதே நல்லது.

அட்டவணை: அசைவு வந்தால் மட்டும் பதிவு என்று வைத்தால் இடம் மிச்சம். ஆனால் சென்சிட்டிவிட்டி குறைவாக இருந்தால் தூரத்தில் நடப்பது விட்டுப்போகும். கல்லாவுக்கும் வாசலுக்கும் முழுநேரப் பதிவு, மற்ற இடங்களுக்கு அசைவுப் பதிவு என்று பிரித்துக்கொள்ளலாம்.

கடிகாரம்: நேரம் தப்பாக இருந்தால் பதிவின் நம்பகத்தன்மையே கேள்விக்குள்ளாகும். இணையம் வழியாக நேரம் தானாகச் சரியாகும் என்டிபி வசதியை ஆன் செய்யுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்?

முதலில் காப்பி எடுங்கள். நாள் போகப் போக ஓவர்ரைட் நெருங்கி வரும். பதிவு டிவிஆருக்குள் மட்டுமே இருப்பதும் ஆபத்துதான். 2025 ஜூன் 16 அதிகாலை கிடர்பூரின் ஆர்ஃபன்கஞ்ச் சந்தையில் பிடித்த தீயில் நூற்றுக்கணக்கான கடைகள் எரிந்தன. அப்படி ஒரு தீயில் கடைக்குள் இருக்கும் டிவிஆரும் சேர்ந்தே போய்விடும். வாசல் கேமராவின் பதிவையாவது வேறு இடத்தில் சேமிக்க வழி செய்யுங்கள்.

வழக்கு என்று வந்தால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-வது பிரிவின்படி, காப்பியோடு ஹாஷ் மதிப்பு குறிப்பிட்ட சான்றிதழும் தர வேண்டும். அதனால் போலீஸ் கேட்டால் மூல டிஸ்க்கைப் பத்திரமாக வைத்திருங்கள், ஃபார்மேட் பண்ணிடாதீங்க.

இன்று ராத்திரியே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பிளேபேக்கைத் திறந்து, மிகப் பழைய பதிவு எந்தத் தேதியில் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் மனதில் நினைத்திருந்த நாளும் அதுவும் ஒத்துப்போகவில்லை என்றால், பத்து நிமிடம் ஒதுக்கி செட்டிங்கைச் சரி செய்துவிடுங்கள்.