ஒப்புக்கொண்ட குற்றமும் மேன்முறையீட்டு உரிமையும்

மடுல்சீமையிலிருந்தோ நமுனுகுலைச் சரிவிலிருந்தோ பதுளை நீதவான் நீதிமன்றத்துக்கு வரும் தோட்டத் தொழிலாளிக்கு அன்றைய பேர் போய்விடுகிறது. வழக்குத் தவணை போடப்பட்டால் இன்னொரு நாட்பேரும் போகும். அப்பொழுது வாசலில் நிற்கும் யாரேனும் ஒருவர், “குற்றவாளி என்று சொல்லிவிடுங்கள், தண்டப்பணத்தோடு இன்றைக்கே முடிந்துவிடும்” என்று ஆலோசனை கூறுகிறார். பெரும்பாலும் அது நல்லெண்ணத்துடன் கூறப்படும் ஆலோசனைதான். ஆனால் அந்த ஒரு சொல்லால் முடிவது வழக்கு மட்டுமன்று. மேன்முறையீட்டு வாயிலும் ஏறத்தாழ அடைபட்டுவிடுகிறது.

இதன் காரணம் எளிது. வழக்கு விளங்கப்பட்டால் சாட்சிகள் கூறியவை ஏட்டில் பதியப்படும். மேல் மன்றம் அந்த ஏட்டைப் படித்து, சாட்சியத்தை மீண்டும் எடைபோடலாம். குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்கிலோ சாட்சியமே இல்லை. எனவே, “சாட்சி பொய் சொன்னான்” என்று பின்னர் முறையிட இடமில்லாது போகிறது. சட்டப் பிழை உண்டா, விதித்த தண்டனை சட்டத்துக்கு உட்பட்டதா என்பன போன்ற சில வினாக்களே எஞ்சுகின்றன.

எவ்வகை ஒப்புதல் இவ்விளைவைத் தரும் என்பதுதான் நுட்பமான இடம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவைச் சட்டத்தின் 183ஆம் பிரிவு, ஒப்புதல் நிபந்தனையற்றதாய் இருத்தல் வேண்டும் என்கிறது. எதிரி கூறியதை, கூடியவரை அவர் கூறிய சொற்களிலேயே நீதவான் பதிதல் வேண்டும். “அடித்தேன் ஐயா, ஆனால் அவர்தான் முதலில் கத்தியை ஓங்கினார்” என்று ஒருவர் சொன்னால், அது குற்ற ஒப்புதல் அன்று, தற்காப்பு என்னும் எதிர்வாதம். “மரத்தை வெட்டினேன், துரை வெட்டச் சொன்னார்” என்பதும் அத்தகையதே. செய்கையை ஒப்புக்கொள்வது வேறு, குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு. “ஆனால்” என்ற சொல்லுக்குப் பின் வருவதைச் சொல்லாமல் விழுங்கிவிடுவோரே மிகுதி. 1865ஆம் ஆண்டின் தொழிற் கட்டளைச் சட்டம், சொல்லாமல் வேலையை விட்டுப் போவதையே மறியலுக்குரிய குற்றமாக்கி வைத்திருந்தது. 1920களின் தொடக்கத்தில்தான் அத்தண்டனை விதிகள் நீங்கின. மன்றத்தில் வாய் திறக்க அஞ்சும் வழக்கம் அவற்றோடு நீங்கிவிட்டதாகச் சொல்ல இயலாது.

மேல் நீதிமன்றத்தில் இதே செய்தி பேரமாக உருக்கொள்கிறது. கொலைக் குற்றச்சாட்டுக்கு ஆளானவர், சட்டமா அதிபர் தரப்பின் இணக்கத்துடன், கொலையாகாத மனிதப் படுகொலை என்னும் குறைந்த குற்றத்தை ஒப்புக்கொள்வது இலங்கையில் வழங்கிவரும் நடைமுறை. மரண தண்டனை நீங்குகிறது. அதற்கு ஈடாக விளக்கம் கைவிடப்படுகிறது. இந்தியாவோ இதனை எழுத்துச் சட்டமாக்கி, 2006 யூலை 5 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அங்கே இவ்வாறு பெற்ற தீர்ப்பு இறுதியானது. அரசியலமைப்பு வழங்கும் சிறப்பு அனுமதி மனுவும் நீதிப்பேராணை மனுவுமே விதிவிலக்கு.

அவ்வாறாயின் ஒப்புக்கொண்டவருக்குப் போக்கிடமே இல்லையோ எனின், உண்டு; ஆனால் ஒடுங்கியது. 1923இல் ஃபோர்ட் என்பாரின் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் வகுத்த நெறி இன்றும் எடுத்தாளத்தக்கது. குற்றச்சாட்டின் தன்மையை எதிரி விளங்கிக்கொள்ளவில்லை, அல்லது குற்றத்தை ஒப்புக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை, அல்லது ஒப்புக்கொண்ட செய்திகள் சட்டப்படி குற்றமே ஆகா என்று காட்டினால் மேல் மன்றம் தலையிடலாம் என்பதே அந்நெறி.

இவற்றுள் முதலாவது ஊவாவுக்கு மிக நெருங்கியது. பதுளை மன்றங்களின் மொழி சிங்களம். தோட்டத்து எதிரியின் மொழி தமிழ். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை அவருக்கு உரைபெயர்ப்பைப் பெறும் உரிமையை அளிக்கிறது. குற்றச்சாட்டு விளங்கவில்லையெனில், பதில் சொல்வதற்கு முன்னரே “தமிழில் சொல்லுங்கள்” என்று கேட்பது அவமரியாதை ஆகாது. கேளாமல் தலையசைத்துவிட்டு, விளங்கவில்லை என்பதைப் பின்னர் நிறுவுவது பெரும்பாடு. வழக்கேட்டில் ஒப்புதல் மட்டுமே இருக்கும். தலையசைப்பின் பொருளைப் பற்றி அதில் ஒன்றுமிராது.

மீளாய்வு என்பது மற்றொரு வழி. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம், மாகாணத்து நீதவான் மன்றத் தீர்ப்புகளை மீளாயும் அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றத்துக்கு வழங்கியது. ஆயினும் மேன்முறையீடு போல் இது உரிமையன்று, மன்றின் தற்றுணிபு. விதிவிலக்கான சூழ்நிலையைக் காட்டவேண்டும். தாமதத்துக்குக் காரணமும் சொல்லவேண்டும்.

“தண்டப்பணந்தானே” என்று எண்ணுவோருக்கு இன்னொன்று. ஒத்திவைத்த சிறைத்தண்டனையுடன் வீடு திரும்புபவர், அக்காலத்துக்குள் மீண்டும் குற்றவாளியாகக் காணப்பட்டால், பழைய தண்டனையும் உயிர்பெற்றெழும். முற்குற்றப் பதிவும் அவர் பெயரில் நிற்கும்.

தவறி ஒப்புக்கொண்டவருக்கு மிக எளிய பரிகாரம் அதே 183ஆம் பிரிவில் இருக்கிறது. தண்டனை விதிக்கப்படும் முன், நீதவானின் அனுமதியுடன் ஒப்புதலை மீளப்பெறலாம். பின்பு வழக்கு விளக்கத்துக்குப் போகும். அந்த வேளை சில நிமிடங்களே நீடிக்கக்கூடும். தண்டனை விதித்தபின் மேன்முறையீட்டுக்கு உள்ள காலம் பதினான்கு நாள். சட்டத்தரணியை அமர்த்த வசதியற்றோர், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அதை வழக்குத் தவணைக்கு முந்திய நாளிலேயே செய்தல் நன்று.