புராஸ்டேட் புற்றுநோய்: தொடக்க நிலையில் எந்தச் சிகிச்சை ஏற்றது?

புராஸ்டேட் சுரப்பியைத் தாண்டிப் பரவாத நிலையில் புற்றுநோய் கண்டறியப்பட்டால், உடனடியாக அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால், அனைவருக்கும் அந்த அவசரம் தேவையில்லை என்பதை பிரிட்டனில் நடைபெற்ற நீண்டகால ஆய்வு உணர்த்துகிறது.

ஆக்ஸ்ஃபோர்டு, பிரிஸ்டல் பல்கலைக்கழகங்களின் தலைமையிலான 'புரொடெக்ட்' ஆய்வில், 1999 முதல் 2009 வரை, 50 முதல் 69 வயதுக்கு உள்பட்ட 1,643 பேர் சேர்க்கப்பட்டனர். பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை வழியே நோய் கண்டறியப்பட்ட அவர்கள், கண்காணிப்பு, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு சிகிச்சை என மூன்று பிரிவுகளாகக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர்.

இதன் 15 ஆண்டு கால முடிவுகள் 2023 மார்ச்சில் வெளியாகின. புராஸ்டேட் புற்றுநோயால் உயிரிழந்தோர் கண்காணிப்புப் பிரிவில் 3.1 சதவீதம், அறுவை சிகிச்சைப் பிரிவில் 2.2 சதவீதம், கதிர்வீச்சுப் பிரிவில் 2.9 சதவீதம். புள்ளியியல் நோக்கில் இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அல்ல.

எனினும், பிற உறுப்புகளுக்கு நோய் பரவியோர் கண்காணிப்புப் பிரிவில் 9.4 சதவீதமாக இருந்தனர். மற்ற இரு பிரிவுகளில் இது சுமார் 5 சதவீதமே. கண்காணிப்பில் இருந்தவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் பின்னாளில் அறுவை அல்லது கதிர்வீச்சு சிகிச்சை பெற்றனர். நான்கில் ஒருவர் எந்தச் சிகிச்சையும் இன்றி 15 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிருடன் இருந்தார்.

பக்கவிளைவுகளில்தான் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறாவது மாதத்தில், சிறுநீர்க் கசிவால் உறிஞ்சு பட்டை பயன்படுத்தியோர் 46 சதவீதம்; ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் 17 சதவீதம். தாம்பத்திய உறவுக்கான திறனும் இப்பிரிவினருக்கே அதிகம் பாதிக்கப்பட்டது. கதிர்வீச்சு பெற்ற சிலருக்குக் குடல் தொந்தரவுகள் ஏற்பட்டன.

கண்காணிப்பு என்பது சிகிச்சையைக் கைவிடுவது அல்ல. குறிப்பிட்ட இடைவெளியில் பி.எஸ்.ஏ. பரிசோதனையும், தேவைக்கேற்ப எம்.ஆர்.ஐ. ஸ்கேன், திசுப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். வீரியம் மிக்க புற்றுநோய்க்கு இது பொருந்தாது.

இந்தியாவில் புராஸ்டேட் புற்றுநோய்க்கெனத் தேசிய அளவிலான பரிசோதனைத் திட்டம் இல்லை. நோய் முற்றிய பிறகே கணிசமானோர் மருத்துவமனையை நாடுகின்றனர். தொடக்கத்திலேயே நோய் தெரியவந்தவர்களுக்கோ, யோசித்து முடிவெடுக்க அவகாசம் உண்டு. நோயின் வீரியம், வயது, பிற உடல் பாதிப்புகள், தொடர் பரிசோதனைக்கு வந்து செல்லும் வசதி ஆகியவற்றை முன்வைத்து, சிறுநீரகவியல் நிபுணர், கதிர்வீச்சு நிபுணர் இருவரிடமும் ஆலோசனை பெற்ற பின்னர் முடிவெடுப்பதே நல்லது.