பண்ணைக்கு வரும் பயணி நமக்கு வாடிக்கையாளரா?

அரசு சுற்றுலாவை வளர்க்கிறது என்றால் லாபம் ஓட்டல்காரருக்கும் டாக்சிக்காரருக்கும்தான், மளிகைக் கடைக்காரருக்கு அதில் என்ன இருக்கிறது என்று நம்மில் பலர் நினைப்பதுண்டு. வேளாண் சுற்றுலா விஷயத்தில் நாம் அப்படி ஒதுங்கியிருக்க முடியாது. அங்கே விலை போவது தங்கும் அறை மட்டுமல்ல. வெல்லம், மாவு, மிளகாய்த்தூள், பருப்பு என்று நம் கடைச் சரக்கும்தான்.

இதில் முந்திக்கொண்ட மாநிலம் மகாராஷ்டிரம். புனே மாவட்டம் பாராமதி வட்டாரத்தில் 2005-ஆம் ஆண்டு வாக்கிலேயே தனியார் முயற்சியாக இது தொடங்கிவிட்டது. நகரத்துக் குடும்பங்கள் பண்ணைக்கு வந்து மாட்டு வண்டியில் சுற்றி, சோள ரொட்டியும் கடலைமாவுப் பிட்லாவும் சாப்பிட்டுவிட்டுப் போகின்றன. பனிக்காலத்தில் ‘ஹுர்டா’ விருந்து அங்கே பிரபலம். முற்றாத சோளக் கதிரை வறட்டித் தணலில் சுட்டு, சூட்டோடு கசக்கி உதிர்த்து, பூண்டுச் சட்னி, தயிர், வெல்லத்துடன் தருகிறார்கள். இளங்கம்பைக் கசக்கித் தின்று வளர்ந்த நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இராது. அதற்குக் கட்டணம் வாங்கலாம் என்பதுதான் புதிது!

2020 செப்டம்பரில் அம்மாநில அமைச்சரவை இதற்கெனத் தனிக் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. விவசாயி சுற்றுலாத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய். 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 1,000 ரூபாய். பதிவு பெற்றவருக்கு வங்கிக் கடன், சமையலுக்கு வீட்டு உபயோக காஸ் இணைப்பு, மின் தீர்வையில் சலுகை ஆகியவை உண்டு. 8 அறைகள் வரை கட்ட நகரமைப்புத் துறையின் அனுமதியும் தேவையில்லை.

இங்கேதான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். அதே சாலையில் டீக்கடையும் பலசரக்குக் கடையும் வைத்திருப்பவருக்கு வணிக சிலிண்டர், வணிக மின் கட்டணம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ம் விவசாயி தன் பண்ணை அளவில் விளைவிக்கும் பொருளுக்கு விலக்குத் தருகிறது. கடைக்காரருக்கோ பதிவு அல்லது உரிமம் கட்டாயம். விவசாயிக்குச் சலுகை தருவதை நாம் குறை கூறவில்லை. அந்த விலக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் வாங்கிய சரக்கையும் ‘பண்ணை விளைச்சல்’ என்று விற்பவரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மறுபக்கம், வியாபாரமும் இருக்கிறது. எந்தப் பண்ணையிலும் எல்லாம் விளைந்துவிடாது. எண்ணெய், சர்க்கரை, டீத்தூள், உப்பு, சோப்பு எல்லாம் பக்கத்துக் கடையிலிருந்துதான் போக வேண்டும். கூட்டம் சனி, ஞாயிறில் வரும். எனவே சரக்கு வெள்ளிக்கிழமையே போய்ச் சேர வேண்டும். பருவத்தை நம்பிய தொழில் என்பதால் பற்று நீள விடக்கூடாது. பண்ணையில் ருசி கண்டவர் ஊர் திரும்பியதும் ‘அந்த வெல்லம் இருக்கிறதா?’ என்று கடையில் கேட்பார். கோலாப்பூர் வெல்லம் 2014-இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. பெயர் சொல்லிக் கேட்பவரிடம் ஏதோ ஒரு வெல்லத்தைக் கட்டிக் கொடுத்து அனுப்ப முடியாது.

தமிழ்நாடு அரசு 2023-இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கிராமிய, தோட்டச் சுற்றுலாவுக்கு இடம் உண்டு. பண்ணைகளுக்கெனத் தனிச் சலுகைகள் வகுக்கப்படும்போது பண்ணைக்கு வெளியே நிற்கும் கடைக்கு என்ன என்ற கேள்வியை நம் சங்கங்கள் மாவட்ட அளவில் இப்போதே மனுவாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது. விதிகள் வந்த பிறகு திருத்தம் கேட்டு அலைவதன் சிரமம் நமக்குத் தெரிந்ததுதானே.