தாங்கும் தோள்

நுழையும்முன்

'தோள் கொடுத்தான்' என்றால் துணைநின்றான் என்பது பொருள். வலிமையையும் உறவையும் ஒருசேரச் சுட்டும் உறுப்பாகத் தோளைத் தமிழர் போற்றினர். பளுதூக்கும் வீரருக்கோ தோளே முதற்கருவி. அத்தோளின் உள்ளே, வெளியில் தெரியாமல் பணியாற்றும் நான்கு சிறு தசைகள் உள்ளன. அவை பழுதுபட்டால் அதனை எவ்வாறு அறிவது? எவ்வாறு மீள்வது? இவ்வினாக்களுக்கு விடை தருகிறது இக்கட்டுரை.

இளவட்டக்கல்லும் இரும்புத் தண்டும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில், கோவிலின் முன்போ ஊர்ப் பொதுவெளியிலோ வழவழப்பான உருண்டைக்கல் ஒன்று கிடப்பதை இன்றும் காணலாம். அதற்கு இளவட்டக்கல் என்பது பெயர். ஊர் இளைஞர்கள் அக்கல்லைக் குனிந்து எடுத்து, முழங்காலில் ஏற்றி, நெஞ்சோடு அணைத்துத் தோளுக்குக் கொண்டுவந்து, பின்புறமாகத் தள்ளுவர். கல் தோளைத் தாண்டினால்தான் வெற்றி.

இன்றைய பளுதூக்கும் போட்டியில் கல்லின் இடத்தை இரும்புத் தண்டும் எடைத்தட்டுகளும் பெற்றுள்ளன. இப்போட்டி ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என இரு முறைகளைக் கொண்டது. தரையில் இருக்கும் பளுவை ஒரே வீச்சில் தலைக்குமேல் உயர்த்துவது ஸ்னாட்ச். முதலில் தோள்வரை உயர்த்தி, பின்னர் அங்கிருந்து தலைக்குமேல் உந்துவது கிளீன் அண்ட் ஜெர்க். எம்முறையாயினும், கைகளை நீட்டிப் பளுவைத் தலைக்குமேல் அசையாமல் நிறுத்த வேண்டும். நடுவர் இறக்குமாறு குறிப்புத் தரும்வரை அந்நிலை மாறக்கூடாது. பளுவை மேலே அனுப்பும் விசையின் பெரும்பகுதி கால்களிலிருந்தும் இடுப்பிலிருந்தும் பிறக்கிறது; மேலே சென்ற பளுவை நிலைநிறுத்தும் பொறுப்போ தோளைச் சேர்கிறது.

தெரியுமா?

1896ஆம் ஆண்டு ஏதென்சு நகரில் நடைபெற்ற முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே பளுதூக்குதல் இடம்பெற்றது. மகளிர்க்கான பளுதூக்குதல் 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டிலேயே கர்ணம் மல்லேசுவரி வெண்கலப் பதக்கம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி என்னும் சிறப்பைப் பெற்றார்.

பந்தும் கிண்ணமும்

மனித உடலின் மூட்டுகளுள் மிகுதியாக அசையும் வாய்ப்புப் பெற்றது தோள்மூட்டு. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் கையை உயர்த்தலாம், உள்நோக்கியும் வெளிநோக்கியும் திருப்பலாம், வட்டமாகச் சுழற்றலாம். இவ்வளவு உரிமைக்கும் உடல் ஒரு விலை கொடுத்திருக்கிறது. அந்த விலை, உறுதிக்குறைவு.

இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை ஆழமான குழிக்குள் நன்கு பொருந்தியுள்ளது. தோளில் அவ்வாறு இல்லை. மேற்கை எலும்பின் தலை பந்து போன்றது. அது பொருந்தும் தோள்பட்டை எலும்பின் குழியோ ஆழமற்ற சிறு கிண்ணம். சிறு தட்டின் விளிம்பில் ஒரு பந்தை நிறுத்தியது போன்ற அமைப்பு இது. அப்பந்து உருண்டு விழாமல் நடுவில் பிடித்துக்கொள்ளும் காவலர்களே அந்த நான்கு தசைகள்.

இத்தசைகள் நான்கும் தோள்பட்டை எலும்பில் தோன்றி, மேற்கை எலும்பின் தலைப்பகுதியைச் சூழ்ந்து பற்றுகின்றன. சட்டைக் கையின் முனைப்பட்டி மணிக்கட்டைச் சூழ்ந்திருப்பதுபோல இவை எலும்பைச் சூழ்ந்திருப்பதால், ஆங்கில மருத்துவ வழக்கில் 'ரொட்டேட்டர் கஃப்' என்று பெயர் பெற்றன. தமிழில் இதனைச் 'சுழல் தசைக்கட்டு' எனலாம். மேற்புறத் தசை கையைப் பக்கவாட்டில் உயர்த்தத் துணைசெய்கிறது. பின்புறத்திலுள்ள இரண்டும் கையை வெளிநோக்கித் திருப்புகின்றன. முன்புறத் தசை உள்நோக்கித் திருப்புகிறது. கை எத்திசையில் அசைந்தாலும் நான்கும் ஒத்திசைந்து இழுத்துப் பந்தைக் கிண்ணத்தின் நடுவிலேயே வைத்திருக்கின்றன.

தசையை எலும்புடன் இணைக்கும் உறுதியான கயிறு போன்ற பகுதி தசைநாண் எனப்படும். மேற்புறத் தசையின் நாண், தோளின் உச்சியிலுள்ள எலும்புக் கூரைக்கும் மேற்கை எலும்பின் தலைக்கும் நடுவே செல்கிறது. அவ்விடைவெளி ஏறத்தாழ 1 செ.மீ. அளவே உடையது. எனவே, நான்கனுள் அதுவே மிகுதியாகப் பழுதுபடுகிறது.

பழுது நேரும் வழி

சுழல் தசைக்கட்டில் பழுது இருவகையில் நேர்கிறது. பளு கைதவறிப் பின்னோக்கிச் சரியும்போதோ, நீட்டிய கையின்மீது விழும்போதோ நாண் திடீரெனக் கிழிவது ஒருவகை. நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேய்ந்து நலிவது மற்றொரு வகை. கிணற்றுக் கயிறு ஒரே நாளில் அறுவதில்லை. உருளையில் உரசி உரசி, இழை இழையாகப் பிரிந்த பின்னரே ஒருநாள் அறுகிறது. இரண்டாம் வகைப் பழுதும் அத்தகையதே.

தசை விரைவில் வலுப்பெறும். தசைநாண் மெல்லவே வலுப்பெறும். இவ்வேறுபாட்டை அறியாமல் பளுவின் அளவை விரைந்து கூட்டுவது பழுதுக்கு முதற்காரணம். நெஞ்சுத் தசைகளை வளர்க்கும் பயிற்சிகளில் மட்டும் நாட்டம் கொண்டு, முதுகுத் தசைகளையும் தோள்பட்டையைத் தாங்கும் தசைகளையும் புறக்கணிப்பது இரண்டாவது. முதுகின் மேற்பகுதி இறுக்கமாக இருந்தால் கையைத் தலைக்குமேல் நேராக உயர்த்த இயலாது. அக்குறையைத் தோள் ஈடுசெய்ய முயன்று வருந்தும். தவறான முறையில் தூக்குதல், உடலைச் சூடேற்றாமல் தொடங்குதல், போதிய ஓய்வும் உறக்கமும் இன்மை ஆகியவை பிற காரணங்கள்.

உடல் சொல்லும் குறிப்புகள்

கடும் பயிற்சிக்குப் பின் தோன்றும் எல்லா வலியும் காயம் அன்று. பழகாத பயிற்சியால் வரும் தசைவலி ஓரிரு நாளில் உச்சத்தை அடைந்து, சில நாள்களில் தானே நீங்கிவிடும். தசைப்பகுதி முழுவதும் பரவலாக இருக்கும். பெரும்பாலும் இரு தோள்களிலும் ஒத்திருக்கும். சுழல் தசைக்கட்டின் வலி அவ்வாறன்று. பின்வரும் குறிப்புகளால் அதனை உய்த்துணரலாம்.

• தோளின் வெளிப்புறத்திலும் மேற்கையின் பக்கவாட்டிலும் வலி தோன்றும்.

• கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது ஏறத்தாழ 60 பாகை முதல் 120 பாகைவரை வலி மிகும். அதனைக் கடந்ததும் குறையும்.

• இரவில், அத்தோள்பக்கம் ஒருக்களித்துப் படுக்கும்போது வலி உறக்கத்தைக் கலைக்கும்.

• தலைவாருதல், சட்டையின் கைக்குள் கையை நுழைத்தல், முதுகுப்புறம் கையைக் கொண்டுசெல்லுதல் போன்ற எளிய செயல்களும் கடினமாகும்.

• முன்னர் எளிதாகத் தூக்கிய பளுவைத் தூக்குகையில் கை தளரும். ஒரு கை மட்டும் பின்தங்கும்.

இவற்றுள் சில, ஓரிரு வாரங்களுக்குமேல் நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும். தோளுக்குள் 'பட்' என்ற ஒலியுடன் திடீர் வலி தோன்றிக் கையை உயர்த்த இயலாமற்போனாலோ, தோளின் வடிவம் மாறினாலோ, கை மரத்துப்போனாலோ காத்திருத்தல் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நெஞ்சிறுக்கம், மூச்சுத்திணறல், வியர்வை ஆகியவற்றோடு சேர்ந்து வரும் தோள்வலி இதயத்தைச் சார்ந்ததாக இருக்கலாம் என்பதையும் மறத்தல் ஆகாது.

மறைக்கப்படும் வலி

அறிகுறிகள் தெளிவாக இருந்தும் பலர் காலந்தாழ்த்துவது ஏன்? மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரங்களே உள்ள நிலையில் தோள்வலி கண்ட பள்ளி மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பயிற்றுநரிடம் சொன்னால் அணியில் இடம் போய்விடும் என்று அஞ்சுவார். வீட்டில் சொன்னால் பயிற்சியையே நிறுத்திவிடுவர் எனக் கருதுவார். 'வலி தாங்குவதே வீரம்' என்ற சொல்லும் காதில் ஒலிக்கும். வலிநீக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பளுவைத் தூக்குவார். மாத்திரை வலியைத்தான் மறைக்கும். இழை பிரிவதைத் தடுக்காது. மூன்று வார ஓய்வில் சீராகியிருக்கக்கூடிய நலிவு, இவ்வாறு மறைக்கப்படுவதால் பல மாத மருத்துவத்தை வேண்டும் கிழிசலாக வளர்ந்துவிடக்கூடும்.

ஆகவே, வலியை வெளிப்படையாகச் சொல்லுதல் கோழைமை அன்று. அது விளையாட்டு வீரர் கற்க வேண்டிய ஒழுங்குகளுள் ஒன்று. சொல்லும் மாணவரை இகழாமல் செவிகொடுத்தல் பயிற்றுநர்க்கும் பெற்றோர்க்கும் உரிய கடமை. பழுதின் தன்மை தெரியும் முன்னர்ச் சுளுக்கு எனக் கருதித் தோளை இழுத்து முறுக்குவதும் வன்மையாக உருவிவிடுவதும் கிழிசலைப் பெரிதாக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

மருத்துவமும் மீட்சியும்

மருத்துவர் முதலில் கையைப் பல திசைகளில் அசைத்தும் எதிர்விசை கொடுத்தும் எத்தசை தளர்ந்துள்ளது எனக் கண்டறிவார். எலும்பின் நிலையை அறிய எக்ஸ் கதிர்ப் படமும், நாணின் நிலையை அறிய மீயொலி ஆய்வும் எம்.ஆர்.ஐ. ஆய்வும் துணைபுரிகின்றன. பழுது, நாண் நலிவு, பகுதிக் கிழிசல், முழுக்கிழிசல் எனப் படிநிலைகளில் அமையும். முதல் இரு நிலைகளில் உள்ளோர் பெரும்பாலும் அறுவை மருத்துவம் இன்றியே குணமடைகின்றனர். முழுக்கிழிசலுக்கு, அதிலும் இளையோர்க்குத் திடீரென நேர்ந்த கிழிசலுக்கு, அறுவை மருத்துவம் தேவைப்படலாம். சிறு துளைகளின் வழியே நுண்கருவிகளைச் செலுத்தி நாணை எலும்புடன் மீண்டும் இணைக்கும் முறை இன்று வழக்கில் உள்ளது.

மீட்சியின் முதற்படி, வலிதரும் அசைவுகளை நிறுத்துவதாகும். ஆயினும், கையை முற்றிலும் அசைக்காமல் வாரக்கணக்கில் வைத்திருப்பதும் தவறு. அதனால் தோள்மூட்டு இறுகிப்போகும். இரண்டாம் படியில், வலியில்லாத எல்லைக்குள் மெல்லிய அசைவுப் பயிற்சிகள் தொடங்கும். மூன்றாம் படி வலுவூட்டலுக்குரியது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, மீள்பட்டையை வெளிநோக்கியும் உள்நோக்கியும் இழுக்கும் பயிற்சி சுழல் தசைக்கட்டை நேரடியாக வலுப்படுத்துகிறது. தோள்பட்டைகளைப் பின்னோக்கிச் சேர்க்கும் இழுப்புப் பயிற்சிகள் அதற்கு அடித்தளம் அமைக்கின்றன. இவையனைத்தும் இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் நடைபெற வேண்டும்.

பளுவுக்குத் திரும்புவது நான்காம் படி. இதனை நாள்காட்டி முடிவுசெய்வதில்லை, தோளே முடிவுசெய்கிறது. கை வலியின்றி முழுமையாக உயர வேண்டும். பழுதுபட்ட தோளின் வலிமை மற்றத் தோளுக்கு நிகராக வேண்டும். அதன்பின் எடைத்தட்டு இல்லாத வெறுந்தண்டுடன் தொடங்கலாம். ஆடவர் தண்டு 20 கிலோவும் மகளிர் தண்டு 15 கிலோவும் எடை உடையன. அதற்கும் முன்னர் இலேசான மரக்கோலைக் கொண்டே அசைவைச் செம்மைப்படுத்துவோரும் உண்டு. நேற்றுத் தூக்கிய அளவு இன்று காலையில் வலி தராதிருந்தால்தான் அடுத்த அளவுக்குச் செல்ல வேண்டும். நாண் நலிவு சீராகச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை ஆகலாம். அறுவை மருத்துவத்திற்குப் பின் பெரும்பளுவுக்குத் திரும்ப ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும்.

மீண்டெழுந்த மீராபாய்

மணிப்பூரைச் சேர்ந்த மீராபாய் சானு 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் கிளீன் அண்ட் ஜெர்க் முறையின் மூன்று வாய்ப்புகளிலும் தவறினார். அடுத்த ஆண்டே உலக வாகையர் பட்டம் வென்றார். 2018இல் முதுகுவலியால் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பங்கேற்க இயலாமற்போனது. முதுகும் தோளும் தொடர்ந்து தொல்லை தந்தன. 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவுக்குச் சென்று, பளுதூக்கும் வீரராக இருந்து இயன்முறை மருத்துவரான ஆரோன் ஹார்சிக்கிடம் சிகிச்சையும் பயிற்சியும் பெற்றார். அவருடைய தசைகளின் வலிமை சமனற்றிருந்தது அறியப்பட்டு, அதனைச் சீராக்கும் பயிற்சிகள் அளிக்கப்பட்டன.

2021 ஏப்ரலில் தாசுகண்டில் நடந்த ஆசியப் போட்டியில் கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 119 கிலோ தூக்கி, 49 கிலோ எடைப்பிரிவில் உலகச் சாதனை படைத்தார். அவ்வாண்டு சூலைத் திங்கள் 24ஆம் நாள், டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்னாட்ச் முறையில் 87 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 115 கிலோ என மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் வென்றார். குறையை மறைக்காமல் அதன் வேரைத் தேடியது அவ்வெற்றிக்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று.

தோள் நலம் பேணல் விளையாட்டு வீரர்க்கு மட்டும் உரியதன்று. மூட்டை சுமப்போரும், சுவருக்கு வண்ணம் பூசுவோரும், கட்டடத் தொழிலாளரும் நாள்தோறும் தோளை நம்பி வாழ்வோரே. அவர்கள் உறக்கத்தைக் கலைக்கும் தோள்வலியும் இதே நான்கு தசைகளின் முறையீடாக இருக்கலாம். பளுவைத் தூக்கும் பெருந்தசைகள் கண்ணுக்குத் தெரிகின்றன; அதனைத் தாங்கி நிறுத்தும் சிறுதசைகளோ தெரிவதில்லை. அவற்றின் குரல் வலியாகவே வெளிப்படுகிறது. அக்குரலை உரிய காலத்தில் கேட்போரின் தோள் நெடுங்காலம் தாங்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் இளவட்டக்கல் தூக்கும் வழக்கம் இருந்ததா எனப் பெரியோரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.

2. தோள்வலியை மறைக்கும் மாணவருக்கும் பயிற்றுநருக்கும் இடையே நடைபெறும் உரையாடலை உருவாக்குக.

3. சுமைதூக்குவோர் ஒருவரைச் சந்தித்து, அவர் தம் தோளைப் பாதுகாக்கும் முறைகளைக் கேட்டுத் தொகுத்து வகுப்பறையில் பேசுக.