உங்களுக்குத் தெரியுமா? நூறு வருஷப் பூங்காவும் 600 கோடி 'ஜெயிலரும்'!

ஃபேரர் பார்க் எம்ஆர்டியில் இறங்கி சிட்டி ஸ்கொயர் மால் பக்கம் எத்தனை முறை போயிருப்பீர்கள்? அங்கே வெளியே நிற்கும் அந்தப் பழைய நுழைவாயிலை ஒரு முறையாவது நிமிர்ந்து பார்த்ததுண்டா? அதுதான் 'நியூ வேர்ல்டு' கேளிக்கைப் பூங்காவின் வாசல்! மல்யுத்தம், குத்துச்சண்டை, நாடகம், நடனம், சினிமா எல்லாம் ஒரே வளாகத்தில். அடிதடியும் சிரிப்பும் ஒரே டிக்கெட்டில் கிடைத்த மண் அது!

பூங்கா திறந்த நாள் 1923 ஆகஸ்ட் 1. ரஜினியின் ஆக்‌ஷன் காமெடி 'ஜெயிலர்' உலகமெங்கும் திரைக்கு வந்த நாள் 2023 ஆகஸ்ட் 10. கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு வருஷம், ஒன்பது நாள்! இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை!

ஆகஸ்ட் 9 நம்ம சிங்கப்பூரின் தேசிய தினம். 58-ஆவது பிறந்தநாள் வாணவேடிக்கை முடிந்த மறுநாளே சூப்பர்ஸ்டார் வாணவேடிக்கை!

தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சி கிடையாது. முதல் காட்சியே காலை 9 மணிக்குத்தான். அப்போது ஃபேரர் பார்க்கில் மணி என்ன? 11:30! சென்னை ரசிகர் சீட்டில் உட்காரும்போது இங்கே சாப்பாட்டுக் கடைகளில் வாழையிலை விரித்தாகிவிட்டது! பெங்களூரு மட்டும் முந்திக்கொண்டது. அங்கே காலை 6 மணிக்கே விசில்!

இது ரஜினிக்கு எத்தனையாவது படம்? 169! அப்போது அவருக்கு வயது? 72!

இந்தப் படத்தின் இயக்குநரையே மாற்றச் சொன்னார்கள் என்றால் நம்புவீர்களா? நெல்சனோடு ரஜினி சேர்கிறார் என்று அறிவித்தது 2022 பிப்ரவரியில். நெல்சனின் 'பீஸ்ட்' வந்தது ஏப்ரலில். விமர்சனங்கள் போட்டுத் தாளித்தன. விநியோகஸ்தர்கள் ரஜினிக்கே போன் போட்டார்கள். வேறு ஆளைப் பாருங்கள் என்றார்கள். ரஜினி அசையவில்லை! இதை மேடையேறி, ஆயிரக்கணக்கான ரசிகர்கள் முன்னால் அவரே சொன்னார். இடம் சென்னை நேரு உள்விளையாட்டரங்கம், நாள் 2023 ஜூலை 28. நெல்சனுக்கு இதைவிடப் பெரிய விருது எது?

அதே மேடையில் இன்னொரு குண்டு! வில்லன் வேடத்துக்கு முதலில் யோசித்தது ஒரு மாபெரும் நட்சத்திரத்தை. ரஜினியின் நண்பர் வேறு. கதை கேட்டார், சம்மதமும் சொன்னார். அப்புறம் ரஜினிக்கு மனசு கேட்கவில்லை. அவரைப் போய் எப்படி அடிப்பது? ஆகவே, வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்! மேடையில் பெயரைச் சொல்லவில்லை. படத்தில் மகனாக நடித்த வசந்த் ரவி பிறகு ஒரு பேட்டியில் போட்டு உடைத்தார். அந்த நண்பர் மம்மூட்டி!

அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் கேரளத்து விநாயகன். கந்தக அமிலப் பீப்பாயில் ஆளை முக்கிக்கொண்டே சிரிக்க வைத்தார்! தமிழும் மலையாளமும் கலந்து அவர் பேசிய பேச்சு, படம் வந்த ஒரே வாரத்தில் மிமிக்ரிக்காரர்கள் அத்தனை பேர் வாயிலும்!

மனைவியாக நடித்த ரம்யா கிருஷ்ணன் யார் தெரிகிறதா? 'படையப்பா'வின் நீலாம்பரியேதான்! 1999-இல் ரஜினியைப் பழிவாங்கத் துடித்தவர், 24 வருஷம் கழித்து அவருக்கே காபி கொடுக்கும் மனைவி!

திகார் ஜெயிலையே நடுங்க வைத்த 'டைகர்' முத்துவேல் பாண்டியனாக வரும் ரஜினி, படத்தின் தொடக்கத்தில் என்ன செய்கிறார்? பேரனின் யூடியூப் வீடியோவுக்குக் கேமரா பிடிக்கிறார். மகனின் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார்! ஒரு மாஸ் ஹீரோவை இப்படி அறிமுகம் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ரஜினியும் மோகன்லாலும் அதுவரை ஒரே படத்தில் நடித்ததே இல்லை. இதுதான் முதல் முறை! வந்தது சில நிமிஷம், பூப்போட்ட சட்டை, ஒரு பார்வை. தியேட்டர் கூரை பறந்தது!

இதே படத்தில் வந்த ஜாக்கி ஷெராஃபோ பழைய கூட்டாளி. 1987-லேயே 'உத்தர் தக்ஷிண்' இந்திப் படத்தில் இருவரும் சேர்ந்தாகிவிட்டது!

கன்னடத்தின் சிவராஜ்குமாருக்கு இதுதான் முதல் தமிழ்ப் படம். நடிகர் ராஜ்குமாரின் மகன். அவர் கையில் என்ன ஆயுதம்? கத்தியா, துப்பாக்கியா? ஒரு டிஷ்யூ பெட்டி! வேட்டி சட்டையில் நிதானமாக நடந்து வருகிறார், பின்னால் அனிருத்தின் இசை ஏறுகிறது. அவ்வளவுதான், அரங்கமே எழுந்து நின்றது! நம்ம ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் ருசி. பெக் கியோ சந்தை உணவங்காடியில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை மேசையில் வைத்து இடம் 'சோப்' பண்ணினால் எவராவது அங்கே உட்காருவாரா? டிஷ்யூவின் மகிமை சிங்கப்பூரருக்கு முன்பே தெரியும்!

'காவாலா' பாட்டின் தலைப்பு தமிழே அல்ல, தெலுங்கு! பாடிய ஷில்பா ராவ் பிறந்தது ஜாம்ஷெட்பூரில். எழுதியது அருண்ராஜா காமராஜ். ஆடியது தமன்னா. அப்புறம் ஆடியது யார்? இந்தியாவுக்கான அப்போதைய ஜப்பான் தூதர் ஹிரோஷி சுசுகி! ஒரு ஜப்பானிய யூடியூபரோடு சேர்ந்து, ரஜினி பாணியில் கண்ணாடியையும் சுழற்றிக் காட்டினார்!

அதோடு நிற்கவில்லை ஜப்பான். முதல் நாள் படம் பார்ப்பதற்காகவே ஒசாகாவிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறி வந்தது ஒரு தம்பதி! 1998-இல் 'முத்து' அங்கே போட்ட விதை, கால் நூற்றாண்டு கழித்தும் முளைத்துக்கொண்டே இருக்கிறது!

மதுரையில் ஒரு நிறுவனம் ஆகஸ்ட் 10-ஆம் தேதி லீவு விட்டது. டிக்கெட்டும் இலவசம்!

எல்லோரும் தியேட்டருக்கு ஓடிய அன்று ரஜினி எங்கே? இமயமலைக்குக் கிளம்பிவிட்டார்! படம் வருவதற்கு முதல் நாளே!

ஒரே மாதத்தில் இரண்டு 'ஜெயிலர்'! மலையாளத்தில் தியான் ஸ்ரீனிவாசன் நடித்த படத்துக்கும் அதே தலைப்பு. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அந்தப் படம் ஒரு வாரம் தள்ளி ஆகஸ்ட் 18-இல் வந்தது!

ஒரு பனியனுக்காக டெல்லி உயர் நீதிமன்றமே தலையிட்டது! பெண்களை இழிவாகப் பேசும் ஓர் அடியாள் ஆர்சிபி கிரிக்கெட் அணியின் ஜெர்சியைப் போட்டிருந்தான். அணி வழக்குப் போட்டது. செப்டம்பர் 1 முதல் தியேட்டரில் அந்தக் காட்சி மாற்றப்பட்டது!

வசூல்? உலகம் முழுக்க 600 கோடி ரூபாய்க்கு மேல்! தமிழ்ப் படங்களில் '2.0'-க்கு அடுத்து இந்தக் கோட்டைத் தாண்டியது இதுதான். இரண்டுமே ரஜினி படம்!

தயாரிப்பாளர் கலாநிதி மாறன் அள்ளிக் கொடுத்ததைக் கேளுங்கள். ரஜினிக்கு பிஎம்டபிள்யூ எக்ஸ்7. நெல்சனுக்கும் அனிருத்துக்கும் போர்ஷே. கார் மட்டும்தானா? லைட் பிடித்தவர், செட் போட்டவர் என்று 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு தங்கக் காசு! அதில் படத்தின் பெயர் பொறித்திருந்தது. எனக்குக் காரைவிட அந்தக் காசுதான் பெரிசு!

படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அமேசான் பிரைமுக்கு வந்துவிட்டது. செப்டம்பர் 7. நான்கே வாரம்!

செப்டம்பரில் ரஜினி நம்ம பக்கத்து வீட்டுக்கு வந்தார். கோலாலம்பூரில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அவரைச் சந்தித்ததும் என்ன செய்தார்? 'சிவாஜி'யின் மொட்டை பாஸ் மாதிரி தலையைத் தட்டிக் காட்டினார்! பிரதமரே!

சிங்கப்பூருக்கும் ரஜினிக்கும் உறவு அதைவிடப் பழசு. 1978-இல் 'பிரியா', 1979-இல் 'நினைத்தாலே இனிக்கும்'. இரண்டுக்கும் படப்பிடிப்பு இங்கேதான்! 'பிரியா' வந்தபோது ரஜினிக்கு வயது 28. சிட்டி ஸ்கொயர் மால் அப்போது கிடையாது. நியூ வேர்ல்டு வளாகம் மட்டும் அதே இடத்தில் இருந்தது!

2025 பொங்கலன்று 'ஜெயிலர் 2' அறிவிப்பு. அந்த வீடியோவில் நடித்தவர்கள் யார்? நெல்சனும் அனிருத்துமே! இருவரும் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருக்கும்போது ரஜினி அடித்து நொறுக்கிக்கொண்டு உள்ளே வருகிறார்!

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது! 2023 ஆகஸ்ட் 29. வசூல் கணக்கு எகிறிக்கொண்டிருக்கிறது. பெங்களூரு ஜெயநகர் பேருந்துப் பணிமனைக்குள் ஒரு கார் நுழைகிறது. முன்கூட்டித் தகவல் இல்லை. இறங்கியவர் ரஜினி! ஓட்டுநர், நடத்துநர், மெக்கானிக் எல்லாரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஒவ்வொருவராகப் பேசினார், படம் எடுத்துக்கொண்டார். ஏன் அந்த இடம்? சினிமாவுக்கு வருமுன் அவர் தோளில் பை மாட்டி டிக்கெட் கிழித்தது அதே ஊர் பஸ்ஸில்தான்!